கைகள் வரலாம், ஆள் வரக்கூடாது

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். ஜிப், பட்டன், லேபிள், எலாஸ்டிக் எல்லாம் என் பொறுப்பு. அதற்காகச் சீனாவுக்கு, குறிப்பாகக் குவாங்சோவுக்குப் போய்வருவதுண்டு.

போன முறை எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த பெண் ஹுபெய் மாகாணத்துக் கிராமத்துக்காரர். குவாங்சோவுக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. மகன் மட்டும் ஊரில் பாட்டியிடம் வளர்கிறான். "கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "ஹுகோ ஊரில் இருக்கிறது" என்றார். அதற்கு மேல் பேச விருப்பமில்லை போலத் தெரிந்தது, நானும் விட்டுவிட்டேன். ஆனால் மனதில் நின்றுவிட்டது. மணிக்கு 350 கிலோமீட்டரில் ரயில் ஓடுகிற நாட்டில் ஒரு அம்மா தன் பிள்ளையைக் கூட்டிவர முடியாதா?

எங்கள் கம்பெனியில் சீனாவைப் பற்றி இரண்டு கட்சி. ஒன்று, "அங்கே சட்டமாவது கிட்டமாவது, கட்சி சொன்னால் நடக்கும்" என்பவர்கள். இன்னொன்று முதலாளி கட்சி. "ஒரே உத்தரவு, ஒழுங்காகக் கேட்கிற ஜனம், அதனால்தான் முன்னேறினார்கள். இங்கே எதற்கெடுத்தாலும் கோர்ட்டு, ஸ்டே" என்பார்கள். எது சரி? நம்மால் ஏன் முடியவில்லை? நேரமிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
செந்தில்குமார், திருப்பூர்

அன்புள்ள செந்தில்,

இரண்டு கட்சியுமே டெபாசிட் இழக்கும். சீனாவில் சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. 1979இல் குற்றவியல் சட்டத்தில் ஆரம்பித்து வருடாவருடம் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். 2020இல் நிறைவேற்றிய சிவில் சட்டத் தொகுப்பில் மட்டும் 1260 பிரிவுகள். உங்கள் முதலாளி சொல்வதும் நடந்ததற்கு நேர்மாறு. அங்கே பெரிய மாற்றங்களில் பல, உத்தரவை மீறியவர்களிடமிருந்துதான் தொடங்கின. உத்தரவு பின்னால் வந்தது. அந்த மாற்றத்தை யாராவது உரிமையாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுதாகும். உங்கள் மொழிபெயர்ப்பாளர் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லை வைத்தே இதைப் பேசிவிடலாம்.

ஹுகோ என்பது குடும்பப் பதிவு. கருஞ்சிவப்பு அட்டை போட்ட சிறு புத்தகம், வீட்டுக்கு ஒன்று. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அதில் ஏறும். எந்த அரசும் இப்படி ஏதோ ஒரு பதிவேடு வைத்திருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புத்தகம் எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊரில்தான் பள்ளியும் மருத்துவக் காப்பீடும் முதியோர் ஓய்வூதியமும் என்று கட்டிப்போட்டதில்தான் வினை.

1958 ஜனவரியில் வந்த விதி இது. கிராமத்துக்காரர் நகரத்தில் குடியேற வேண்டுமென்றால் வேலை உத்தரவோ, கல்லூரி அனுமதிக் கடிதமோ, அந்த நகரத்துப் பதிவு அலுவலகத்தின் ஒப்புதலோ கையில் இருக்க வேண்டும். காரணம் பொருளாதாரம்தான். எஃகு ஆலைகள் கட்டப் பணம் வேண்டும். கிராமத்தில் தானியத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி நகரத் தொழிலாளிக்கு மலிவாகக் கொடுத்தால் கூலியைக் கீழே வைத்திருக்கலாம், மிச்சப்பட்டதை ஆலையில் போடலாம். விவசாயி ஊரைவிட்டு நகராமல் இருக்கிற வரைக்கும்தான் இந்தக் கணக்கு நிற்கும். நகரத்தில் அரிசி, மாவு எல்லாம் கூப்பனுக்கு. கூப்பன் நகர ஹுகோ உள்ளவருக்கு. மீறி வந்தவருக்குச் சோறு கிடைக்காது என்பதால் போலீஸ் பெரிதாக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. அடுத்து 1959 முதல் 1961 வரையிலான பஞ்சத்தில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். விளைவித்தவர்கள் அவர்கள்தான்.

இதில் ஒரு வேடிக்கை. 1954 அரசியல் சட்டத்தின் 90ஆம் பிரிவு, குடிமக்களுக்கு விரும்பிய இடத்தில் வசிக்கவும் இடம் மாறவும் சுதந்திரம் உண்டு என்கிறது. 1958 விதி வந்த பிறகும் அந்தப் பிரிவு அப்படியே இருந்தது. 17 வருடம் கழித்து, 1975இல் புது அரசியல் சட்டம் எழுதியபோதுதான் அதை எடுத்தார்கள். இப்போது அமலில் இருக்கும் 1982 அரசியல் சட்டத்திலும் அது திரும்பி வரவில்லை.

ஹுகோ தாய்வழியில் இறங்கியது. அப்பா ஷாங்காயில் ஆலைத் தொழிலாளி, அம்மா கிராமத்தில் என்றால் பிள்ளை கிராமத்துக் கணக்கில் சேரும். அப்பா, அம்மா யார் பக்கம் வேண்டுமானாலும் பதியலாம் என்று விட்டது 1998இல்தான்.

சரி, பிறகு எப்படி முப்பது கோடிப் பேர் கிராமத்திலிருந்து வேலைக்குக் கிளம்பினார்கள்? 1980இல் ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. ஹாங்காங் முதலாளிகள் தையல் மெஷினோடு வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு ஆள் வேண்டும், உள்ளூரில் போதாது. கிராமத்தில் கம்யூன் என்ற கூட்டுப்பண்ணை கலைந்து கொண்டிருந்ததால் அங்கே ஆள் மிச்சம். 1984இல் பெய்ஜிங் ஓர் அனுமதி கொடுத்தது: விவசாயிகள் சிறு பட்டணங்களில் குடியேறலாம், தங்கள் தானியத்துக்குத் தாங்களே பொறுப்பு. உழைக்க வா, உன் சோற்றை நீயே கொண்டுவா என்று அர்த்தம். 1985இல் நகரங்களுக்குத் தற்காலிக வசிப்பு அட்டை. 1993வாக்கில் தானியக் கூப்பன் ஒழிந்தது. கையில் காசிருந்தால் எங்கும் சாப்பிடலாம் என்றானது. ஹுகோ மட்டும் அசையவில்லை.

கைகளை வரவிட்டார்கள், ஆளை வரவிடவில்லை. இந்தப் பாதி அனுமதியைத்தான் உங்கள் முதலாளி ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஊர் தன்னிடம் வேலை செய்பவரின் பிள்ளைக்குப் பள்ளி கட்ட வேண்டாம், அவருடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை ஒதுக்க வேண்டாம், வயதானால் பென்ஷன் தர வேண்டாம் என்றால் அந்த ஊரில் தொழில் எவ்வளவு லாபமாக நடக்கும் என்று அவரையே கேளுங்கள், பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டிவிடுவார்.

நீங்கள் துணி, ஜிப் வாங்கப் போகிற சோங்தா சந்தைக்குப் பக்கத்திலேயே காங்லே, லுஜியாங் என்று இரண்டு 'கிராமங்கள்' இருக்கின்றன, கவனித்தீர்களா? பெயர்தான் கிராமம், இருப்பது நகரத்தின் நடுவில். வயலை நகரம் எடுத்துக்கொண்டது, வீட்டுமனையை விட்டுவிட்டது. ஊர்க்காரர்கள் அந்த மனையில் ஆறு மாடி, ஏழு மாடி என்று எழுப்பினார்கள். எதிரெதிர் ஜன்னலில் நின்று கைகுலுக்கிக்கொள்ளலாம், அவ்வளவு நெருக்கம். உச்சி வெயிலிலும் சந்துக்குள் விளக்கு எரியும். கீழே பத்து, இருபது மெஷின் போட்ட பட்டறை, மேலே வாடகை அறை. நம்மூர் பவர் டேபிள் தையல் யூனிட்டுகளை ஒரு சதுர கிலோமீட்டருக்குள் அடுக்கி வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி. லட்சம் பேருக்கு மேல் அதற்குள் இருந்தார்கள், பெரும்பாலோர் ஹுபெய்க்காரர்கள்.

அங்கே ஆள் எடுக்கிற விதம் உங்களுக்குப் பிடிக்கும். பட்டறைக்காரர்கள் அன்றைக்குத் தைக்க வேண்டிய சாம்பிளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரமாக நீள வரிசையில் நிற்பார்கள். நடந்து போவது தையல்காரர்கள். ஒருவர் நின்று சட்டையைப் புரட்டி, காலர் எப்படி, பாக்கெட் எத்தனை, துணி வழுக்குமா என்று தையலைத் தடவிப் பார்த்து, பீஸுக்கு எவ்வளவு என்று கேட்பார். கட்டாது என்றால் அடுத்த ஆளிடம் போய்விடுவார். பேரம் பேசும் பலம் தொழிலாளியிடம் இருக்கிற அபூர்வமான தெரு அது. ஆனால் அவருக்குக் கான்ட்ராக்ட் கிடையாது, காப்பீடு கிடையாது, அந்த ஊர்ப் பதிவும் கிடையாது. வீட்டுக்காரருக்கோ ஊர்ப் பதிவும் உண்டு, கிராமக் கூட்டுச் சொத்தில் பங்கும் உண்டு, மாடிக்கு மாடி வாடகையும் உண்டு. 2022 நவம்பரில் கொரோனாவுக்காக அந்தப் பகுதியை அடைத்து வைத்தபோது தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் இந்தத் தையல்காரர்கள்தான். வேலை நின்றால் அன்றைக்கே வருமானம் நின்றுவிடும், வாடகை மட்டும் நிற்காது.

இதே குவாங்சோவில், 2003இல், சீனச் சட்ட வரலாற்றில் பெரிய திருப்பம் ஒன்று நடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

சுன் ஜிகாங், 27 வயது, ஹுபெய்க்காரர். கல்லூரியில் வடிவமைப்பு படித்தவர். உங்கள் துறைதான், ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தில் டிசைனராகச் சேர்ந்திருந்தார். குவாங்சோவுக்கு வந்து மாதம்கூட ஆகவில்லை, தற்காலிக வசிப்பு அட்டை இன்னும் எடுக்கவில்லை. மார்ச் 17 இரவு இன்டர்நெட் மையத்துக்குக் கிளம்பினார். அடையாள அட்டையை எடுத்துப் போகவில்லை. வழியில் போலீஸ் நிறுத்தியது. அந்தக் காலத்தில் 'பிடித்து ஊருக்கு அனுப்புதல்' என்றொரு விதி இருந்தது. 1982இல் பிச்சைக்காரர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் என்று கொண்டுவந்தது, 1991வாக்கில் சரியான அட்டையில்லாத எல்லா வெளியூர்க்காரர் மீதும் பாய்ந்தது. பிடித்து வைத்தவர்களை விடுவிக்கப் பணம் கறப்பது பல இடங்களில் தொழிலாகவே நடந்தது. சுன்னின் நண்பர்கள் அடையாள அட்டையோடு காவல் நிலையத்துக்குப் போனார்கள், விடவில்லை. காவல் முகாமிலிருந்து அதற்கான மருத்துவப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அடித்தார்கள். மார்ச் 20 அன்று இறந்துபோனார். மாரடைப்பு மாதிரி ஏதோ காரணம் சொன்னார்கள்.

குடும்பம் விடாமல் பிரேதப் பரிசோதனை கேட்டது. ஏப்ரல் 25 அன்று குவாங்சோவின் 'சதர்ன் மெட்ரோபோலிஸ் டெய்லி' அடித்துக் கொல்லப்பட்டார் என்பதை முழுப் பக்கச் செய்தியாகப் போட்டது. நாடே கொதித்தது. அதுவரை எத்தனையோ கூலித் தொழிலாளிகளுக்கு நடந்ததுதான். இவர் பட்டதாரி, படித்த நகரத்து வாசகர்களுக்குத் தங்கள் வீட்டுப் பையன் மாதிரித் தெரிந்தார். அதுவும் ஒரு காரணம், சொல்லாமல் விடக்கூடாது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். மே 14 அன்று சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற மூன்று இளைஞர்கள், ஷு ஜியோங், டெங் பியாவோ, யூ ஜியாங், சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். கோஷமெல்லாம் இல்லை, சுத்தமான சட்ட வாதம். 2000ஆம் ஆண்டின் சட்டமியற்றல் சட்டப்படி ஒரு மனிதரின் உடல் சுதந்திரத்தைப் பறிக்கும் விதியை மக்கள் காங்கிரஸ் சட்டமாகத்தான் இயற்ற முடியும், அமைச்சரவை தானாக விதி போட முடியாது. இந்த விதி அமைச்சரவை போட்டது. ஆகவே செல்லாது. விதிகளைப் பரிசீலிக்கும்படி குடிமக்கள் கேட்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது, ஆகவே கேட்கிறோம்.

ஜூனில் பிரதமர் வென் ஜியாபாவோவின் அமைச்சரவை அந்த விதியை ரத்து செய்தது. ஆகஸ்ட் 1 முதல் புது விதி: காவல் முகாம் உதவி மையமாக மாறியது, யாரையும் கட்டாயப்படுத்தி வைக்கக்கூடாது. அடிக்கத் தூண்டியவருக்கு மரண தண்டனை. ஒரு பத்திரிகைச் செய்தி, ஒரு கடிதம், இரண்டே மாதத்தில் இருபது வருட விதி காலி. நம்மூர் வேகத்துக்கு இது கனவு.

ஆனால் கடிதம் கேட்டது என்ன என்று திரும்பப் பாருங்கள். நிலைக்குழு பரிசீலித்து, இது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று கேட்டார்கள். அது நடக்கவேயில்லை. அதற்கு முன்பே அமைச்சரவை தன் விதியைத் தானே சுருட்டிக்கொண்டது. கேட்ட பொருள் கிடைத்தது. குடிமகன் கேட்டால் ஒரு விதியைச் செல்லாததாக்க முடியும் என்ற முன்னுதாரணம் மட்டும் கிடைக்கவில்லை. அதைத் தரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு வேகம் என்று நான் நினைக்கிறேன். செய்தி போட்ட பத்திரிகையின் ஆசிரியர் செங் யிஜோங்கை அடுத்த ஆண்டு ஊழல் வழக்கில் பிடித்து ஐந்து மாதம் உள்ளே வைத்தார்கள், பிறகு குற்றச்சாட்டே இல்லாமல் வெளியே விட்டார்கள். ஷு ஜியோங் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மீறல் முதலில், சட்டம் பிறகு என்றேனே, அதற்கு எல்லோரும் சொல்கிற உதாரணம் அன்ஹுய் மாகாணத்து ஷியாவ்காங் கிராமம். 1978 கடைசியில் 18 விவசாயிகள் கம்யூன் நிலத்தை ரகசியமாகக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துக்கொண்டு ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்கள். இதற்காகத் தலைவர்கள் சிறைக்குப் போனால் மற்றவர்கள் அவர்கள் பிள்ளைகளை 18 வயது வரை வளர்ப்போம் என்று அதில் எழுதியிருக்கிறது. அப்போது அது குற்றம். மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லி கண்டும் காணாமல் விட்டார், விளைச்சல் கூடியது, நாட்டின் உச்சத் தலைவர் டெங் ஷியாவ்பிங் தலையாட்டினார், நாடெங்கும் பரவியது. அரசியல் சட்டத்தில் அந்த முறை ஏறியது 1993இல்! அந்த 18 பேரும் கீழ்ப்படிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்கள் முதலாளி கட்சியைக் கேட்டுப் பாருங்கள்.

தொழிலாளர் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2008 ஜனவரி 1 முதல் உழைப்பு ஒப்பந்தச் சட்டம் அமலில் இருக்கிறது. வரைவை வெளியிட்டபோது ஒரு மாதத்தில் 1,91,849 கருத்துகள் வந்தன. பத்து வருடம் வேலை பார்த்தவருக்கும், இரண்டு முறை ஒப்பந்தம் முடித்துத் தொடர்பவருக்கும் காலவரையில்லா ஒப்பந்தம் கேட்க உரிமை உண்டு. நல்ல சட்டம். அமலுக்கு வருவதற்குச் சில மாதம் முன் ஹூவாவே நிறுவனம் எட்டு வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஏறத்தாழ 7,000 பேரை ராஜினாமா செய்யவைத்துப் புதிதாகச் சேர்த்துக்கொண்டது. இந்த மாதிரி வித்தையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டத்தை அமல்படுத்தச் சொல்லிக் கேட்கத் தனிச் சங்கம் வைக்க முடியாது, அரசு சங்கம் ஒன்றுதான். 1975, 1978 அரசியல் சட்டங்களில் இருந்த வேலைநிறுத்த உரிமையை 1982இல் எடுத்துவிட்டார்கள். அதாவது, தனியார் முதலாளிகள் வரப்போகிற நேரம் பார்த்து.

இவ்வளவும் படித்துவிட்டு, ஹுகோவை அடியோடு எடுத்துவிட்டால் தீர்ந்ததே என்று உங்களுக்குத் தோன்றும். அரசும் ஓரளவு அந்தத் திசையில்தான் போகிறது. 2014இல் விவசாய ஹுகோ, விவசாயமல்லாத ஹுகோ என்ற பிரிவை நீக்கினார்கள். 2019க்குப் பிறகு 30 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களில் யார் வேண்டுமானாலும் பதியலாம் என்றார்கள். ஆனால் கதவைத் திறந்தால் பலர் உள்ளே வர மறுக்கிறார்கள். கிராமத்து ஹுகோவோடு நிலம் ஒட்டியிருக்கிறது. நிலம் ஊரார் எல்லோரும் சேர்ந்த கிராமக் கூட்டு அமைப்புக்குச் சொந்தம், பயிரிடும் உரிமையும் வீட்டுமனையும் அந்தக் கூட்டின் உறுப்பினருக்கு. நகரத்தில் வேலை போனால் திரும்பிப் போய் விழ அது ஒன்றுதான் இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்து யாரும் கேட்காத ஒரு சின்ன நகரத்தின் பதிவை எதற்கு வாங்க வேண்டும்? 2018இல் நில ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தி, நகரத்தில் பதிய வேண்டுமானால் நிலத்தை விட்டுக்கொடு என்று நிபந்தனை போடக்கூடாது என்றார்கள். சட்டம் சொன்னாலும் ஜனங்கள் நம்பவேண்டுமே.

2020 கணக்கெடுப்பில் நகரத்தில் வசிப்பவர்கள் 63.9 சதவீதம், நகர ஹுகோ உள்ளவர்கள் 45.4 சதவீதம். இடையில் இருப்பது சுமார் 26 கோடி மனிதர்கள்.

இந்த நில விஷயத்தில் பெண்கள் பாடு தனி. ஊர் விட்டு ஊர் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த ஊரில் நிலப்பங்கு கிடையாது, கட்டிக்கொண்டு போன ஊரிலோ பங்கு பிரித்து முடித்துவிட்டார்கள். குவாங்டாங் மாதிரி இடங்களில் கிராம நிலம் ஆலையும் கடையுமாக மாறி வருடாவருடம் பங்குத்தொகை வருகிறது, கோடிக்கணக்கில். வெளியூரில் கல்யாணம் செய்த பெண்களுக்குக் கிடையாது என்று கிராமக் கூட்டம் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்துவிடும். ஓட்டெடுப்பு முறைப்படிதான் நடக்கும், ஜனநாயகமாக! 2002 நிலச் சட்டத்திலேயே பெண்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. வழக்குப் போனால் இது கிராமத்தின் உள்விவகாரம் என்று பல நீதிமன்றங்கள் கைகழுவின. இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பெண்கள் மனுவும் கையுமாக அலைந்த பிறகு 2024 ஜூனில் கிராமக் கூட்டுப் பொருளாதார அமைப்புகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. கல்யாணமாகவில்லை, ஆகிவிட்டது, விவாகரத்து, விதவை, வீட்டில் ஆண் இல்லை என்ற எந்தக் காரணத்துக்காகவும் பெண்ணின் பங்கைப் பறிக்கக்கூடாது என்று பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். 2025 மே 1 முதல் அமல். இதற்கு முந்தைய சட்டம் கிராமக் கூட்டத்தின் வாசலில் நின்றுவிட்டதைப் பார்த்ததால், இது உள்ளே போகும் என்று இப்போதே சொல்ல நான் தயாராக இல்லை.

இப்போது உங்கள் மொழிபெயர்ப்பாளரின் பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு வரை கட்டாயக் கல்வி, வேலை பார்க்கும் ஊரே பள்ளியில் இடம் தரவேண்டும் என்று 2001லிருந்து மத்திய அரசு சொல்லிவருகிறது. காசு கொடுக்க வேண்டியது உள்ளூர் அரசு என்பதால் சான்றிதழ் மேல் சான்றிதழ் கேட்டு இழுத்தடிப்பார்கள். அதைத் தாண்டினாலும் பிளஸ் டூ முடித்து எழுதுகிற கல்லூரி நுழைவுத் தேர்வு, காவ்காவ், ஹுகோ இருக்கிற மாகாணத்தில்தான் என்பது பொது விதி. பாடத்திட்டமும் கேள்வித்தாளும் எல்லா மாகாணத்திலும் ஒன்றல்ல. அதனால் தேர்வுக்குச் சில வருடம் முன்பே பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள், அல்லது முதலிலிருந்தே அங்கேயே விட்டுவிடுகிறார்கள். குவாங்டாங் 2016லிருந்து கொஞ்சம் இளக்கியிருக்கிறது: பிள்ளை அங்கேயே மூன்று வருடம் மேல்நிலைப் பள்ளி படித்திருக்கவேண்டும், பெற்றோருக்கு வசிப்பு அட்டையும் மூன்று வருடச் சமூகக் காப்பீடும் இருக்கவேண்டும். கம்பெனி மூலம் காப்பீடு கட்டுகிறவருக்குச் சரி. காங்லேயில் பீஸ் ரேட்டில் தைப்பவர் எந்த ரசீதைக் காட்டுவார்?

ஷாங்காயில் வெளியூர்ப் பெற்றோருக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 120 வந்தால் பிள்ளை அங்கே தேர்வெழுதலாம். முனைவர் பட்டத்துக்கு 110. இளவயதுக்கு அதிகபட்சம் 30. குவாங்டாங் நகரங்களின் மதிப்பெண் முறையில் ரத்ததானத்துக்கும் புள்ளி வைத்திருந்தார்கள். நகரத்துக்கு எந்த மாதிரி ஆள் வேண்டுமோ அவர் வரலாம் என்று சொல்ல இதைவிட நேரடியான வழி இருக்க முடியாது. ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு எவ்வளவு பென்ஷன் தெரியுமா? கிராமத்து முதியோருக்கான அடிப்படை ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2024இல் மாதம் 123 யுவான். நம் காசுக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் சொச்சம்.

ஷு ஜியோங்குக்கு வருகிறேன். 2003 வெற்றிக்குப் பிறகு அவர் அடுத்துக் கையிலெடுத்தது சரியாக உங்கள் கேள்வியைத்தான். வெளியூர்த் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கிற ஊரிலேயே நுழைவுத் தேர்வு எழுத விடுங்கள் என்று பெற்றோர்களைத் திரட்டினார். மாதாமாதம் கல்வி அமைச்சகத்துக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். 2012இல் அமைச்சரவை, மாகாணங்கள் இதற்கு வழி வகுக்கவேண்டும் என்று அறிவித்தது. குவாங்டாங் இளக்கியது அதன் தொடர்ச்சிதான். 2014 ஜனவரியில் ஷு ஜியோங்குக்கு நான்கு வருடச் சிறை. குற்றம், கூட்டம் கூட்டிப் பொது ஒழுங்கைக் குலைத்தது. கல்வி அமைச்சகத்தின் முன் பெற்றோர்கள் கூடியது அந்தக் குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. வெளியே வந்தும் அவர் நிறுத்தவில்லை. 2023 ஏப்ரலில் அரசைக் கவிழ்க்க முயன்றதாக 14 வருடம் விதித்தார்கள். அவர் கேட்டவற்றில் ஒன்றை முழுதாகவும் மற்றொன்றைப் பாதியாகவும் அரசு செய்து கொடுத்திருக்கிறது. கேட்டதற்காக அவர் சிறையில் இருக்கிறார். சட்டமாவது கிட்டமாவது என்று சொல்கிறவர்களுக்கு இது புரியாது, சட்டத்தை அந்த அரசு மிகவும் மதிக்கிறது. யார் அதைக் கையில் எடுக்கலாம் என்பதில்தான் கறாராக இருக்கிறது.

அரசுக்கே தேவைப்பட்டால் ஹுகோ புத்தகம் எவ்வளவு சுலபமாக விலகும் என்பதற்கு ஒரு சமீபத்திய சாட்சி. கல்யாணத்தைப் பதிவு செய்ய இருவரின் ஹுகோ புத்தகமும் வேண்டும் என்று இருந்தது. பிடிக்காத மாப்பிள்ளை, பிடிக்காத மருமகள் என்றால் அப்பா அம்மா புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதைத் திருடிக்கொண்டு ஓடுகிற காதலர்கள் அங்கே கதைகளிலும் உண்டு, நிஜத்திலும் உண்டு. 2013இல் 1 கோடியே 34 லட்சம் கல்யாணங்கள் பதிவாயின, 2024இல் 61 லட்சம்தான். பிறப்பும் சரிகிறது. 2025 மே 10 முதல் புத்தகம் வேண்டாம், அடையாள அட்டை போதும், நாட்டில் எங்கே வேண்டுமானாலும் பதியலாம் என்று மாற்றிவிட்டார்கள். பெற்றோர் கையிலிருந்த ஓர் ஆயுதம் ஒரே அறிவிப்பில் போனது.

நம்மால் ஏன் முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் யாரும் எங்கும் போய் வசிக்கலாம் என்பது 19ஆம் பிரிவில் இருக்கிறது, அதை யாரும் எடுக்கவில்லை. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ திருப்பூருக்கு வருபவரை அட்டை கேட்டுப் பிடித்துவைக்க எந்த விதியும் இல்லை. அவர் பிள்ளை பள்ளியில் சேர எந்தச் சட்டத் தடையும் இல்லை. ஆனாலும் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நெடுஞ்சாலைகளில் நடந்தவர்கள் யார் என்று நாம் பார்த்தோம். சீனாவில் சட்டம் வைத்துத் தடுத்ததை இங்கே மொழியும் வாடகையும் கான்ட்ராக்டரும் ஹாஸ்டலும் எவ்வளவு தூரம் தடுக்கின்றன என்பது, திருப்பூரிலேயே இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் கம்பெனியில் வெளிமாநிலத்துக்காரர்கள் எத்தனை பேர், அதில் பிள்ளைகளோடு வந்திருப்பவர்கள் எத்தனை பேர், அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் என்று விசாரித்து எழுதுங்கள். பெயர் போடாமல் வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா